மாப்பிள்ளை கேட்டு வந்தவள்

"டொக்டர் எண்டாலும் வரிசைதான்!"

முதுகுக்குப் பின்னால் கேட்ட குரலுக்கு உலகம்மை சட்டென்று திரும்பினாள். மழை இன்னும் விழவில்லை. ஆனால் வானம் காலையையே அந்தியாக்கி வைத்திருந்தது. அந்த மங்கலில் முதலில் தெரிந்தது இரண்டு கண்கள்தான். மோட்டார் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றவனின் கண்கள். மழைக்கோட்டின் தொப்பி புருவம் வரைக்கும் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே... சண்டைக்கு வந்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிற கண்கள்!

அதுதான் அவளுக்கு எரிச்சல். கோபப்பட்டால் ஒழுங்காகக் கோபப்பட வேண்டாமா?

மட்டக்களப்பு வாவியின் அந்த இடத்தில் பாலம் கிடையாது. மிதவைகளின் மேல் பலகை அடித்த பெரிய தெப்பம் ஒன்றுதான் ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்குக் கொண்டுபோகும். ஊராருக்கு அதன் பேர் 'பாதை'. தென்காசியிலிருந்து கடல் தாண்டி வந்திருந்த இலவசப் பல் மருத்துவக் குழு முந்தின நடையிலேயே அக்கரை சேர்ந்துவிட்டது. பல் பார்க்கும் மடக்கு நாற்காலியும் அதன் மெசினும் இருந்த பெட்டி மட்டும் வேனோடு பிந்திவிட்டது. அந்தப் பெட்டிக்குக் காவலாக வந்தவள்தான் உலகம்மை.

"சார், அக்கரையில முகாம்ல சனம் காத்துக் கிடக்கு. இந்த நாற்காலி போகாட்டி ஒண்ணும் நடக்காது. உங்க பைக் அடுத்த நடைக்கு வரட்டுமே."

"எனக்கு முன்னால இந்த ஐயா சைக்கிளோட நிக்கிறார். அவருக்கு முன்னால மீன்காரம்மா நிக்கிறா. அவட மீன் உங்கட நாற்காலிக்காகக் காத்திருக்குமா?"

"மீன் காத்திருக்காது. பல்வலி மட்டும் காத்திருக்குமா?"

மீன்காரம்மா தலைச்சுமையோடு சிரித்துவிட்டாள். உலகம்மை காத்திருக்கவில்லை. வேன் ஓட்டுநரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, மறுபக்கம் தானே தோள் கொடுத்து, பெட்டியைப் பாதைக்குள் தள்ளிவிட்டாள். தள்ளியதோடு நிற்காமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்தும் கொண்டாள்.

"ஏத்தியாச்சு. இறக்கணும்னா என்னையும் சேத்து இறக்குங்க!"

பாதைக்காரர் அலுத்துக்கொண்டே எல்லாரையும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார். சைக்கிள் ஐயாவும் ஏறினார், மீனும் ஏறியது, கடைசியில் அந்த மோட்டார் சைக்கிளும் ஏறியது. இவ்வளவுக்கும் இடம் இருந்திருக்கிறது... இதற்கா இத்தனை வழக்கு?

நடு வாவியில் மழை பிடித்துக்கொண்டது. தென்காசிக்காரிக்கு மழை புதிதில்லை. ஆனால் அவள் ஊர்ச் சாரல் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போகும். இது ஆளையே பிடித்து உலுக்கியது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத சாம்பல் நிறம். அதற்குள் அவன் மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டு அவளை நோக்கி வந்தான்.

உலகம்மைக்கு நெஞ்சு ஒரு தரம் தடுமாறியது. கதைகளில் நடக்கிற மாதிரி... சீ! 'வேண்டாம், பரவாயில்லை' என்று வெட்டிச் சொல்ல வார்த்தையைத் தயாராக்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் எழும்புங்க," என்றான் அவன்.

எழுந்தாள். அவன் மழைக்கோட்டை விரித்துப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தி, கை இரண்டையும் இழுத்து முடிச்சுப் போட்டான்.

"அப்ப நான்?"

"நீங்க நனைஞ்சா காயும். மெசின் நனைஞ்சா முகாம் போச்சு."

சொல்லிவிட்டு அவனும் அவளுக்குப் பக்கத்தில் நின்று நனைந்தான். திமிர் பிடித்தவன் என்று நினைத்தாள். ஆனால் அக்கரை சேர்கிறவரை அவன் நனைவதைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

*

பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்காலியைப் பொருத்தி, முகக்கவசம் கட்டி, முதல் ஆளைக் கூப்பிடலாம் என்று நிமிர்ந்தால்... வாசலில் சனத்தை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தவன் அவனே!

"நீங்களா?"

"நான்தான். கிரிசாந்த். உங்கள இஞ்ச கூப்பிட்ட இளைஞர் கழகத்துச் செயலாளர். கல்லடியில இருக்கன். கொழும்புக் கொம்பனி ஒண்டுக்கு வீட்டில இருந்தே கம்பியூட்டர் வேல. முகாம் முடியிற வரைக்கும் லீவு போட்டு வரிசை பாக்கிறன்." கண்கள் மறுபடியும் சிரித்தன. "உங்கட பேரென்ன டொக்டர்?"

"உலகம்மை."

அவன் எதுவும் சொல்வதற்குள் அவளே முந்திக்கொண்டாள். "சிரிச்சிருங்க. காலேஜ்ல எல்லாரும் சிரிச்சாச்சு. மாத்தச் சொன்னாங்க, மாத்த மாட்டேன்னுட்டேன். எங்க ஊர் அம்மன் பேரு."

"நான் சிரிக்கல்லயே," என்றான் கிரிசாந்த் மெல்ல. "வடிவான பேர்."

வடிவு என்றால் அவளுக்கும் அர்த்தம் தெரியும். நல்லவேளை, முகக்கவசம் இருந்தது.

அதன்பிறகு இரண்டு நாள் முழுவதும் பல்லும் பேச்சும்தான். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய்கள், மிட்டாய் தின்று கறுத்த பாற்பற்கள், ஊசியைக் கண்டதும் வேட்டியை மடித்துக்கட்டி ஓடப்பார்த்த பெரிய மனிதர் ஒருவர்... ஒவ்வொருவராய்ப் பார்த்து முடித்து அவள் நிமிரும்போதெல்லாம் வாசலில் அந்தக் கண்கள்.

"டொக்டர், மூண்டு பேர் பயந்து வீட்ட போயிட்டாங்க. உங்கட முழி அப்பிடி இருக்காம்."

"மாஸ்க் போட்டிருக்கேன். முழிதானே தெரியும்?"

"அதுதான் பிரச்சினை."

"யாருக்கு?"

அவன் அவசரமாக அடுத்த ஆளை உள்ளே அனுப்பினான். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. உலகம்மைக்கு உள்ளுக்குள் என்னவோ இனித்தது. இருபத்தொன்பது வயதில், கையில் குறடோடு நிற்கும்போது இப்படி இனிக்கலாமா என்று தன்னையே அதட்டினாள். அதட்டல் கொஞ்சமும் பலிக்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்த நேரம் தென்காசியிலிருந்து மாமா கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை அவள் ஊர் திரும்பியதும் பெண் பார்க்க ஆள் வருகிறதாம். பையனுக்குத் துபாயில் வேலை. இந்தத் தடவையாவது வாயை அடக்கிக்கொண்டு சரி என்று சொல்ல வேண்டுமாம்.

"துபாய்க்கு நான் போக மாட்டேன் மாமா. எங்கேயும் போக மாட்டேன். பத்துத் தடவை சொல்லியாச்சு!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் எதிர் வாங்குப் பலகையில் கிரிசாந்த், இறால் கறியும் சோறுமாக. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"விருப்பமில்லாத கலியாணமா, டொக்டர்?"

"கல்யாணத்துல விருப்பந்தான். வீட்டை விட்டுப் போறதுலதான் விருப்பமில்ல." மறைக்க என்ன இருக்கிறது? "அப்பா இல்ல. நான் ஒரே பொண்ணு. கீழ என் கிளினிக், மாடியில நானும் அம்மாவும். நான் புருஷன் வீட்டுக்குப் போயிட்டா அம்மா சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். அதான், என்னைக் கட்டிக்கிறவர் எங்க வீட்டுக்கு வரட்டும்னு சொல்லுதேன். வாரவன் எல்லாம் பாம்பைக் கண்ட மாதிரி ஓடுதான்."

"ஏன் ஓடுறாங்க?"

"ஏன்னா கேக்குதீங்க? வீட்டோட மாப்பிள்ளை ஆயிருவானாம். மானம் போயிருமாம்."

கிரிசாந்த் கையில் சோற்றோடு யோசித்தான். நிஜமாகவே விளங்கவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"வீட்டோட மாப்பிள்ளை எண்டா?"

"பொண்ணு வீட்டுக்கே வந்து குடியிருக்கிற மாப்பிள்ளை."

"அது மாப்பிள்ளைதானே? அதுக்கு ஏன் தனிப் பேர்?"

"கிண்டலா?"

"இல்ல டொக்டர், சத்தியமா. எங்கட பக்கம் எல்லாரும் அப்பிடித்தான். கலியாணம் முடிச்சா ஆம்பிளதான் பொம்பிளட வீட்ட போறது. எங்கட அப்பா அம்மாட வீட்ட வந்தவர். அத்தான் அக்காட வீட்ட வந்தவர். நானும் ஒருநாள் எங்கயோ போகத்தானே வேணும்."

"அப்ப மானம்?"

"அது எங்க போகும்? உடுப்புப் பெட்டியோட அதையும் கொண்டு போகலாம்தானே."

உலகம்மை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஒன்றுக்காக ஊரெல்லாம் அவளைத் திமிர் பிடித்தவள் என்றதோ, எதற்காகச் சித்தப்பா பெரியப்பா எல்லாரும் அவள் வீட்டு வாசலை மிதிப்பதைக் குறைத்தார்களோ... அதை இவன் சோற்றுக்கு உப்புப் போடுகிற சங்கதி மாதிரிச் சொல்கிறான்! அழ வேண்டும் போலிருந்தது. கூடவே சிரிக்கவும் வேண்டும் போலிருந்தது. 'நானும் எங்கயோ போகத்தானே வேணும்' என்று சொன்னவன் குனிந்து, இல்லாத இறாலைச் சோற்றுக்குள் தேடிக்கொண்டிருந்தான்.

ஒன்றை மட்டும் அவள் அவனிடம் சொல்லவில்லை. முன்பு ஒருவன் வீட்டோடு வருகிறேன் என்று சம்மதித்திருந்தான். சுரண்டைக்காரன். அவளும் நம்பி, மனதுக்குள் என்னென்னவோ கட்டினாள். உறுதி செய்ய வந்த அன்று அவன் அப்பா கேட்ட முதல் கேள்வி, "வீடு யாரு பேர்ல இருக்கு?" இரண்டாவது கேள்வி, "தம்பி பேருக்கு எப்ப மாத்துவீங்க?" மூன்றாவது கேள்விக்கு அவள் இடம் வைக்கவில்லை. வாசலைக் காட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவள் காதில் நஞ்சாகவே தங்கிவிட்டது.

*

மூன்றாம் நாள் மாலை குழு முழுவதற்கும் கிரிசாந்த் வீட்டில் சாப்பாடு. கல்லடியில், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் இருந்தது வீடு. அவன் அம்மா நாகரெத்தினம் நண்டுக் கறியை அள்ளி அள்ளி வைத்தார். அக்கா சர்மிலா, "தம்பி ரெண்டு நாளா உங்கட கதைதான், டொக்டர்" என்று போட்டு உடைக்க, அவன் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து ஓடினான். உலகம்மை நண்டை உடைக்கிற மும்முரத்தில் முகத்தை மறைத்துக்கொண்டாள். வந்து மூன்றே நாளில் ஒரு வீடு இவ்வளவு பிடித்துப்போகுமா?

சாப்பிட்டு முடிந்து கை கழுவப் போனவளைச் சமையலறையில் நாகரெத்தினம் பக்கத்தில் இருத்திக்கொண்டார். கன்னத்தைத் தடவினார்.

"அம்மா தனியவா மகள் இருக்கா?"

"ஆமாம்மா. நானும் அவங்களும்தான்."

"அப்ப... வீடு ஆருட பேரில இருக்கு?"

உலகம்மை விருட்டென்று நிமிர்ந்தாள்.

"அம்மாட பேரிலயா, உங்கட பேரிலயா... இல்ல, மாமன்மார்ர பேரில கீரில..."

"சோறு போட்டது இதுக்குத்தானா?"

குரல் கூடம் வரைக்கும் போய்விட்டது. அங்கே பேச்சுச் சத்தம் நின்றது.

"எங்க வீடு யாரு பேர்ல இருந்தா உங்களுக்கென்ன? உங்க மகனுக்கு வீடு வேணும்னா நீங்க கட்டிக் குடுங்க. எங்க வீட்ல ஒரு செங்கல்லக்கூட யாருக்கும் எழுதி வைக்கிறதா இல்ல!"

செருப்பை மாட்டிக்கொண்டு படலையைத் திறந்து வெளியே வந்துவிட்டாள். தூறல். பின்னால் ஓடிவந்தான் கிரிசாந்த்.

"என்ன நடந்தது டொக்டர்? அம்மா என்ன சொன்னவ?"

"கடல் தாண்டி வந்தாலும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரே மாதிரிதான்னு தெரிஞ்சுக்கிட்டேன். மானத்தப் பெட்டியில வச்சுக் கொண்டு வருவீங்க... கூடவே பத்திரத்தையும் கேப்பீங்க!"

அந்தக் கண்களில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை.

"என்னட்டக் கோவம் எண்டா என்னைப் பேசுங்க. அம்மாவ உங்களுக்குத் தெரியா. தெரியாம இப்பிடிக் கதைக்காதீங்க."

"தெரிஞ்சது போதும்."

"அப்ப சரி," என்றான் அவன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் பின்னால் வரவில்லை. கூப்பிடவும் இல்லை. தங்குமிடம் வரைக்கும் நடந்தவளுக்கு அவன் கோபப்பட்டது வலிக்கவில்லை; அந்த 'அப்ப சரி'தான் வலித்தது.

*

அடுத்த முகாம் ஒரு நாள் விட்டுக் காத்தான்குடியில். கிரிசாந்த் வந்திருந்தான். வரிசையும் பார்த்தான். ஆனால் "அடுத்த ஆள், டொக்டர்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பார்வை அவள் தலைக்கு மேலே சுவரில் நின்றது. போகட்டுமே! யாருக்கு என்ன நட்டம்? உலகம்மை முதுகை நிமிர்த்திக்கொண்டாள். இருந்தாலும் ஒவ்வொரு தரமும் அந்தச் சுவரில் அப்படி என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

கன்னம் வீங்கிப்போய் கைறுன்னிஸா என்ற அம்மா வந்து உட்கார்ந்தார். கூடவே கணவர் கச்சி முகம்மது. எந்தப் பல், எவ்வளவு நாளாக வலி, ஊசியை எங்கே போட வேண்டும் என்பதெல்லாம் அவர்தான் சொன்னார். ஊசி போட்டு, மரத்துப்போகக் காத்திருக்கும்போதும் அவர் விடவில்லை.

"நீங்க வெளியில நில்லுங்க," என்றார் கைறுன்னிஸா பாதி வாயால். "கூடக் கதைச்சா இண்டைக்கு ஊட்டுக்குள்ள எடுக்க மாட்டன்."

மனுஷன் மறுபேச்சில்லாமல் வெளியே போனார். குழுவுக்கு உதவியாக வந்திருந்த உள்ளூர்த் தாதி சப்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உலகம்மைக்கும் சிரிப்பு வந்தது. "அவர் வீட்டுக்குள்ளயே அவரை விட மாட்டீங்களா?"

"அவர்ர ஊடா? அது என்ட ஊடு, டொக்டர். உம்மா சீதனமாத் தந்த. உறுதிப் பத்திரமே என்ட பேருலதான் ஈக்கி. அவர் வந்தவர்தானே."

குறடு எடுக்கப்போன கை நின்றது. "வீடு... உங்க பேர்லயா?"

"இல்லாம? என்ட மகள் சஹ்லாக்கும் இப்ப ஒரு ஊடு கட்டுறம். அது முடிஞ்சாத்தான் மாப்புள கேட்டுப் போகலாம்."

"நீங்களா போய்க் கேப்பீங்க?"

"பொம்புள ஊட்டாக்கள்தானே மாப்புள கேட்டுப் போற! அவங்களா வந்து கேக்குற பழக்கம் இஞ்ச இல்ல." கைறுன்னிஸாவுக்கு நாக்கும் மரத்துக்கொண்டு வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "ஒரு பொம்புளப் புள்ளயப் புடிச்சிப் போனா, நாங்க முதல்ல கேக்குறதே ஊடு அவள்ட பேருல ஈக்கா எண்டுதான். ஈந்தாத்தான் மனசு ஆறும். நாளைக்கி மாப்புள ஒரு மாதிரிப் போனாலும், மாமன் மச்சான் மாறினாலும், அவள அந்த ஊட்ட விட்டு ஆரும் வெளியாக்க ஏலாதே."

"தமிழாக்களும் அப்பிடித்தான் டொக்டர்," என்றாள் சப்னா. "கல்லடியில என்ட கூட்டாளிமார் எல்லாருக்கும் வீடு அவங்கட பேரிலதான்."

நாகரெத்தினம் கேட்டது உலகம்மைக்கு மறுபடியும் காதில் ஒலித்தது. அம்மாட பேரிலயா, உங்கட பேரிலயா, இல்ல மாமன்மார்ர பேரில கீரில... அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லும்போது நாகரெத்தினம் முகத்தில் இருந்தது பேராசை இல்லை. பதற்றம்! வீடு மாமன்மார் பேரில் இருந்தால் இந்தப் பெண் எங்கே போய் நிற்கும் என்ற பதற்றம். அந்தக் கேள்வியைக் கேட்டவரின் முகத்தைப் பார்க்காமல், சுரண்டைக்காரன் அப்பாவின் முகத்தையல்லவா அவள் பார்த்துக் கத்தியிருக்கிறாள்!

"டொக்டர்... பல்லு!" என்றார் கைறுன்னிஸா.

பல்லைப் பிடுங்கினாள். பஞ்சு வைத்தாள். அவமானத்தில் முகம் எரிந்தது. வாசலைப் பார்த்தாள். கிரிசாந்த் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் சனம். கடைசி ஆள் எழுந்துபோனபோது அவனும் போய்விட்டிருந்தான்.

சரியாக அந்த நேரம் பார்த்து மாமா. "என்னம்மா, வெள்ளிக்கிழமை அவங்க வரலாமா? கடைசியாக் கேக்குதேன்."

"வர வேண்டாம் மாமா. நானே மாப்பிள்ளை பாத்துட்டேன்."

"என்னது? யாரு? அவன் கேட்டானா?"

"அவர் கேக்கல. நான்தான் கேக்கப் போறேன். இப்பவே!"

மாமா போட்ட சத்தம் சப்னாவுக்கும் கேட்டது. உலகம்மை போனை அணைத்தாள்.

"சப்னா, மாப்பிள்ளை கேட்டுப் போனா என்ன கொண்டு போகணும்?"

சப்னா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கண் விரிந்தது. "அல்லாஹ்... நம்மட கிரிசாந்துக்கா? வாங்க, முதல்ல வெத்திலையும் வாழைப்பழமும் வாங்குவம். மஸ்கட் அல்வா ஒரு பெட்டி நான் வாங்கித் தாறன்."

*

மருந்து வாடை அடிக்கிற அதே உடுப்போடு, கையில் தட்டோடு உலகம்மை ஓட்டோவை விட்டு இறங்கினாள். மழை விட்டு, கல்லடித் தெருவெல்லாம் வெயில் ஏறியிருந்தது. படலைக்கு வெளியே நின்று தன் அம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, மாப்பிள்ளை கேக்க வந்திருக்கேன். பொண்ணு வீட்டுப் பெரியவங்க ஒருத்தராவது வேணுமாம். அப்படியே லைன்ல இரு."

"ஏட்டி! உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? எந்த ஊர்லட்டி பொண்ணு போய்..."

"இந்த ஊர்லதாம்மா."

போனைச் சத்தமாக வைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள். பின்னால் சப்னா. கூடத்தில் நாகரெத்தினம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சர்மிலா எழுந்து நின்றாள். அறைக்குள் கணினி முன்னால் இருந்த கிரிசாந்த் கதவு வரைக்கும் வந்து, தட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"அம்மா," என்றாள் உலகம்மை. "அன்னைக்கு நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லாமப் போயிட்டேன். வீடு என் பேர்லதான் இருக்கு. அப்பா எழுதி வச்சிட்டுத்தான் கண்ணை மூடினாரு. எங்க ஊர்ல அந்தக் கேள்வியைக் கேக்கிறவங்க வேற மாதிரி ஆளுங்க. உங்களையும் அப்படி நினைச்சிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

நாகரெத்தினம் சுளகைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"உங்கட பேரிலதான் இருக்கா? அப்பாடா! இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மகள். இந்தப் புள்ளைட பேரில ஒரு வீடுகூட இல்லப்போல, அதக் கேட்டு நோகப் பண்ணிப்போட்டனே, அதுதான் கோவிச்சுக்கொண்டு போறா எண்டு எனக்கு அண்டைக்கிருந்து சோறு இறங்கல்ல!"

உலகம்மைக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷியைப் பார்த்தா அப்படிக் கத்தினாள்?

"இன்னொண்ணும் சொல்லணும்மா." தட்டை முன்னால் நீட்டினாள். "நான் மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கேன்."

சர்மிலா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு உங்க மகனைப் பிடிச்சிருக்கு. அஞ்சு நாள்ல என்ன தெரியும்னு கேப்பீங்க. எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சிருச்சு. என்கூட எங்க வீட்டுக்கு அவரை அனுப்பணும்."

நாகரெத்தினம் தட்டை வாங்கவில்லை. மகனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஆம்பிளப் புள்ளையப் பெத்த அண்டைக்கே, இவன் ஒருத்திட வீட்ட போறவன் எண்டு தெரியும் மகள். நாவற்குடாவுக்குப் போவான்... கூடிப்போனா தேற்றாத்தீவுக்குப் போவான்... ஞாயித்துக்கிழமை சோத்துக்கு வருவான் எண்டு நினைச்சிருந்தன். கடலுக்கு அங்கால குடுக்கிறத நான் நினைச்சுப் பாக்கல்லயே."

உலகம்மை அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "எங்கம்மா தனியா இருக்கக் கூடாதுன்னு இத்தனை வருஷம் ஊரோட சண்டை போட்டவ நான். உங்ககிட்ட உங்க பிள்ளையைக் கேக்கிறது எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியாதா? உங்களுக்கு இங்க அக்கா இருக்காங்க. எங்கம்மாவுக்கு நான் மட்டுந்தான். அதனால கேக்குதேன். வேண்டாம்னு சொல்லுங்க, போயிருதேன். ஆனா கேக்காமப் போக மாட்டேன்."

நாகரெத்தினம் குனிந்து அவள் தலையைத் தடவினார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

"வருசத்தில ரெண்டு தரம் எண்டாலும் கூட்டி வருவியா?"

"நானே கூட்டிட்டு வருவேம்மா. எங்கம்மாவையும் சேத்து."

"அப்ப இனி என்னைக் கேக்காத. அவனைக் கேள்."

உலகம்மை எழுந்து திரும்பினாள். கதவு நிலையைப் பிடித்தபடி கிரிசாந்த். அவ்வளவு துணிச்சலும் அந்தக் கண்களைப் பார்த்ததும் எங்கோ ஓடிவிட்டது.

"கோபமா?" என்றாள் மெதுவாக.

"ஓம். நிறைய."

"அதான் நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"நான் எப்பிடி டொக்டர் கேக்கிற?" அவன் கதவு நிலையை விட்டு முன்னால் வந்தான். "எங்கட ஆக்கள்ல மாப்பிள்ளை போய்க் கேக்கிறல்ல. பொம்பிள வீட்டில இருந்துதான் வரணும். முதல் நாளே எனக்கு விருப்பம் வந்திட்டு. எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாம, ஒவ்வொரு நாளும் நீங்க கேப்பீங்க கேப்பீங்க எண்டு வாசல்ல நிண்டன். மறுகா நீங்க கோவிச்சிட்டுப் போனீங்க. இனி ஆரு வந்து கேட்டாலும் போறல்ல எண்டு நினைச்சிட்டன்."

சர்மிலா மூக்கை உறிஞ்சினாள். சப்னா தைரியமாக அழுதாள். உலகம்மையின் சட்டைப் பைக்குள் இருந்து பொறுமையிழந்த குரல் கேட்டது.

"ஏட்டி ஒலகு... என்ன, ஒருத்தரும் பேச மாட்டேங்கீங்க? மாப்பிள்ளை என்னட்டி சொல்லுதாரு?"

உலகம்மை போனை எடுத்தாள். அவள் கையிலிருந்து அவன் அதை வாங்கிக்கொண்டான். அவன் விரல் அவள் விரலில் பட்டது, அவள் விலக்கவில்லை.

"மாமி..." என்றான். "நான் கிரிசாந்த் கதைக்கிறன். உங்கட மகள் கேட்டுட்டா. நான் வாறன்."